பிக்குவின் அப்பாவும் காலை நேரத்து பாத்ரூமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

‘பிக்கு’ என்ற இந்திப் படத்தை அப்பாவோடு உட்கார்ந்து பார்த்தேன். அதில் வரும் அப்பா பாஸ்கோர் பானர்ஜி, மகள் பிக்குவின் கல்யாணத்துக்கு இத்தனை முட்டுக்கட்டை போடுவது சுயநலம் இல்லையா? பிக்கு செய்வது பாசமா, அடிமைத்தனமா? படம் முழுக்க மலச்சிக்கல் பேச்சு வேறு, கொஞ்சம் கூசியது. என் அப்பாவும் அப்படித்தான். பையனுக்கு ஸ்கூல் வேன் வரும் நேரத்தில் பாத்ரூமை அடைத்துக்கொள்வார். தினமும் சத்தம்தான்.

கே.

அன்புள்ள கே.,

பாஸ்கோர் சுயநலக்காரர்தான். படத்தின் கதையை எழுதிய ஜூஹி சதுர்வேதி அதை மறைக்கவும் இல்லை. பிக்குவோ அவருக்குச் சரிக்குச் சரி கத்துகிறாள். அடிமை அப்படிக் கத்தமாட்டாள். இதை இதோடு விடுகிறேன்.

உங்கள் கடைசி வரிகளுக்காகத்தான் பதில் எழுதுகிறேன். முதியவர்களின் வயிற்றைப் பற்றி எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே மனதில் இருந்தது.

எதற்குக் கூச வேண்டும்? ஷூஜித் சர்க்கார் 2015இல் எடுத்த அந்தப் படத்தில், தில்லியிலிருந்து கொல்கத்தா போகும் கார் மேல் கமோடு நாற்காலியைக் கட்டியதும் எல்லோரும் சிரிக்கிறோம். ஆனால் குந்தி உட்காரும் முறையை இர்ஃபான் கான் படம் வரைந்து விளக்குகிறாரே, அது வெறும் நகைச்சுவை இல்லை. மலக்குடலின் கடைசிப் பகுதியை ஒரு தசை முன்பக்கமாக இழுத்து மடக்கி வைத்திருக்கிறது. நாற்காலியில் உட்காரும் வாக்கில் அந்த மடிப்பு முழுதாக நிமிராது. குந்தினால் நிமிரும். முட்டி வலி என்று உயரமான கமோடு வைத்துக் கொடுக்கிறோம். அதில் கால் தரையில் படாமல் தொங்குகிறது, முக்க வேண்டியிருக்கிறது. முக்கும்போது ரத்த அழுத்தம் ஏறி இறங்கும். சிலருக்கு அங்கேயே மயக்கம் வரும். அதனால் வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாள் போடுங்கள்.

7 முதல் 9 அங்குல உயரத்தில், அகலமான, அடியில் ரப்பர் வைத்த பலகை ஒன்று வாங்குங்கள். இரண்டு பாதமும் அதன்மேல், முட்டி இடுப்பைவிடக் கொஞ்சம் மேலே, முழங்கை தொடைமேல், உடம்பு முன்னால் சாய்ந்து. எழுவதற்கு முன் பலகையைத் தள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் தடுக்கும். பிடித்து எழச் சுவரில் கம்பி வேண்டும். துண்டு போடும் கம்பி எடை தாங்காது. இடுப்பு மூட்டு மாற்றியவர் என்றால் டாக்டரைக் கேட்காமல் பலகை வேண்டாம்.

இனி உங்களைத் திட்ட வேண்டும். காலைச் சாப்பாடு உள்ளே போனதும் பெருங்குடல் தானாக அசையத் தொடங்குகிறது. அடுத்த அரை மணி நேரம்தான் அவருக்கு நல்ல நேரம். உங்கள் வீட்டில் அப்போதுதான் பையன் குளிக்கிறான், நீங்கள் ஷேவ் செய்கிறீர்கள். கதவுக்கு வெளியே சத்தம் கேட்டால் அவர் அடக்கிக்கொள்வார். அடக்கினால் போக வேண்டும் என்ற உணர்ச்சி போய்விடும். உள்ளே தங்கியதிலிருந்து குடல் தண்ணீரை உறிஞ்சி அதைக் கெட்டியாக்கும். மறுநாள் இன்னும் கஷ்டம், இன்னும் நேரம், இன்னும் உங்கள் சத்தம். அவர் பாத்ரூமை அடைத்துக்கொள்ளவில்லை, நீங்கள்தான் அவரை அங்கே அடைத்து வைத்திருக்கிறீர்கள்.

மலத்தை இளக்கும் இசப்கோல் உமித்தூள் கொடுப்பீர்களானால் ஒரு ஸ்பூனை முழு டம்ளர் தண்ணீரில் கலக்கி, கெட்டியாவதற்குள் குடிக்கச் சொல்லுங்கள். மேலே இன்னொரு டம்ளர். தண்ணீர் குறைந்தால் அதுவே அடைத்துக்கொள்ளும். விழுங்கச் சிரமப்படுகிறவருக்குக் கொடுக்கக் கூடாது. இதயம், சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீரை அளந்து குடிக்கிறவர் டாக்டரைக் கேட்க வேண்டும். இரவில் எழ வேண்டுமே என்று பலர் தண்ணீரையே குறைத்துவிடுகிறார்கள். மாலைக்குள் குடித்து முடிக்கட்டும்.

மருந்துச் சீட்டையும் எடுத்துப் பாருங்கள். இரும்புச்சத்து, கால்சியம், கோடீன் கலந்த இருமல் மருந்து, சில பிரஷர் மாத்திரைகள், எல்லாமே மலத்தை இறுக்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். மலத்தில் ரத்தம், எடைக் குறைவு, புதிதாக வந்த மாற்றம் என்றால் பலகை, இசப்கோல் எதற்கும் காத்திருக்காமல் அன்றே கூட்டிப்போங்கள்.

நாளைக் காலை முதலில் அவர் போகட்டும். பையனை அரை மணி முன்னதாக எழுப்புங்கள்.