அரியணை இல்லாத நாட்டில் அரசபக்தி

அன்புள்ள ஆசிரியருக்கு,

நியூஜெர்சியில் என் மகனோடு வேலை பார்க்கும் ஒருவர் ‘சார்லமேனின் வழித்தோன்றல்’ (சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவை ஆண்ட பேரரசர்) என்று சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாராம். மேசையில் ஆஸ்திரியாவின் கடைசிப் பேரரசர் படம். அரசனே வேண்டாமென்று சண்டை போட்டுப் பிரிந்த நாடாயிற்றே, இதென்ன ஆசை?

வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டும் ஒரே ஆளிடம் வந்திருந்தாலும் வந்த வழி வேறு. படம் தேவாலயத்தின் வழியாக வந்தது.

அதில் இருப்பவர் முதலாம் கார்ல். 1916-இல் பட்டத்துக்கு வந்தார். முதல் உலகப் போரை நிறுத்த ரகசியமாகத் தூது விட்டுத் தோற்றார். நாடிழந்து, 1922-இல் மதெய்ரா தீவில் 34 வயதில் இறந்தார். 2004-இல் கத்தோலிக்கத் திருச்சபை இவரை அருளாளர் ஆக்கியது, அதாவது புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி. விழா நாள் அக்டோபர் 21. வழக்கப்படி இறந்த நாளை வைக்காமல், மனைவி சீட்டாவைக் கைப்பிடித்த நாளை வைத்தார்கள். அமெரிக்காவில் இவரைக் கொண்டாடுபவர்களில் பழைய இலத்தீன் திருப்பலியை விரும்புபவர்கள் கணிசம். இவரை வேண்டிக்கொண்டதால் நேர்ந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு குணமடைதலைப் புளோரிடாவின் ஓர்லாண்டோ மறைமாவட்டமே விசாரித்தது. இவரைக் கொண்டாடுபவர்களுக்கு வேண்டியது பக்தியுள்ள ஒரு குடும்பத் தலைவர். வரி கேட்காத, படைக்கு ஆள் பிடிக்காத மன்னரை நேசிப்பதில் என்ன சிரமம்? ஆஸ்திரியாவிலோ 1919-இலேயே பிரபுப் பட்டங்களை ஒழித்துவிட்டார்கள். பிரபுக் குலத்தைக் காட்டும் ‘ஃபான்’ என்பதைப் பெயரில் சேர்த்துக்கொள்வதுகூட அங்கே சட்டவிரோதம்.

இது புதிய மோகமும் இல்லை. 1920-களில் எழும்பிய பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத் தேவாலயத்தை வடிவமைத்த ரால்ஃப் ஆடம்ஸ் கிராம் ஒரு முடியாட்சிக்காரர். கோதிக் கோபுரம், சடங்கு, அரசர் எல்லாம் அவருக்கு ஒரே மூட்டை.

சான்றிதழ் சமாசாரம் வேறு. அமெரிக்க அரசியல் சட்டம் அரசாங்கம் பட்டம் கொடுப்பதைத்தான் தடுக்கிறது, பாட்டனைத் தேடுவதை அல்ல. வம்சாவளிச் சங்கங்கள் சும்மா சேர்த்துக்கொள்வதில்லை. தன்னிலிருந்து தொடங்கி, தலைமுறைக்குத் தலைமுறை ‘இன்னார் பிள்ளை இன்னார்’ என்று பிறப்புப் பதிவோ உயிலோ நிலப் பத்திரமோ காட்ட வேண்டும். 17-ஆம் நூற்றாண்டில் கப்பலேறி வந்தவர்களில், அரச வழி ஏற்கெனவே நிறுவப்பட்ட ஒருவரை எட்டினால் போதும். இவர்களை ‘கேட்வே’ (நுழைவாயில்) முன்னோர் என்பார்கள்.

சங்கிலி அறுவது பெரும்பாலும் 1850-க்கு முந்தைய சில பத்தாண்டுகளில். அதுவரை அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான் இருக்கும். மற்றவர்கள் வயதுவாரியாக வெறும் எண்ணிக்கை. குடும்பங்களோ மேற்கே நகர்ந்துகொண்டே இருந்தன. ஒரே கவுண்டியில் (மாவட்டம் போன்றது) இரண்டு ஜான் ஸ்மித் இருந்தால் எந்த ஜானின் மகன் இவன்? கப்பலேறி வந்தவரிலிருந்து அரசர் வரையான மேல்பாதியிலும் கள்ளச்சரக்கு உண்டு. குஸ்தாவ் அஞ்சு என்பவர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வசதியான குடும்பங்களுக்குப் பொய் வம்சாவளி தயாரித்து விற்றார். அந்த இணைப்புகளை இன்றும் பலர் பார்க்காமல் நகலெடுக்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. முன்னோர் தலைமுறைக்குத் தலைமுறை இரட்டிப்பாவதால், 35 தலைமுறை பின்னால் போனால் ஒருவருக்கு 3,400 கோடிக்கு மேல் முன்னோர் இடங்கள் வேண்டும். அன்று உலகில் அவ்வளவு பேர் ஏது? ஒரே ஆட்கள்தான் பல இடங்களில் திரும்பத் திரும்ப வருவார்கள். ஐரோப்பிய வழியினர் யாரானாலும் எங்கேயாவது சார்லமேனிடம் போய் முட்டத்தான் செய்வார்கள். சான்றிதழ்காரருக்குக் காகிதம் தொலையவில்லை, அவ்வளவுதான்.

அதில் எந்தக் குடியேறியின் பெயர் இருக்கிறது என்று மகனைக் கேட்கச் சொல்லுங்கள். ஆன் ஹட்சின்சனாக இருக்கலாம். ரூஸ்வெல்ட், புஷ் குடும்பங்களுக்கும் அவர் முன்னோர். போதகர்களை எதிர்த்துப் பேசியதற்காக 1637-இல் மாசசூசெட்ஸ் நீதிமன்றம் வெளியேற்றிய பெண் அவர்.