பிறந்த குழந்தையின் காமாலைக்கு வாய்வழி மருந்து – கடிதம்

அன்புள்ள ஐயா,

பிறந்து நான்கு நாளான என் பேரனைக் காமாலைக்காக நீல விளக்கின் கீழ் வைத்திருக்கிறார்கள். விளக்கோடு வாய்வழி மருந்தும் கொடுத்தால், உடலை மஞ்சளாக்கும் பிலிரூபின் என்ற நிறமி விரைவில் குறைவதாக ஈரானில் நடந்த ஆய்வுகளைப் பற்றிப் படித்தேன். மருத்துவரோ வேண்டாம் என்கிறார். வீட்டில் கீழாநெல்லிச் சாறு கொடுக்கச் சொல்கிறார்கள். பலன் தெரிந்த மருந்துக்கு ஏன் இந்தத் தயக்கம்?

ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

மருத்துவர் சொல்வதே சரி. நீங்கள் படித்தது குளோஃபைப்ரேட் பற்றியதாக இருக்கலாம். பெரியவர்களின் இரத்தக் கொழுப்பைக் குறைக்க வந்த அந்த மருந்து, பிலிரூபினை வெளியேற்ற உதவும் கல்லீரல் நொதியையும் தூண்டுவதால், விளக்குச் சிகிச்சையில் இருந்த குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பிலிரூபின் சற்று வேகமாகவே இறங்கியது. ஆனால் பச்சிளம் குழந்தையின் காமாலை பெரும்பாலும் தானாகத் தணிவது. எனவே மருந்து பெறாத குழந்தைகளோடு ஒப்பிட்டாக வேண்டும். அப்படி ஒப்பிட்ட ஆய்வுகளிலும் சேர்ந்த குழந்தைகள் சிலரே என்பதால், அரிதாக நேரும் மூளைப் பாதிப்பை மருந்து தடுக்கிறதா, பின்னாளில் தீங்கு செய்கிறதா என்பதற்கு அவற்றில் விடை கிடைக்காது.

இரத்தத்தில் பிலிரூபின் அளவு குறைவாக இருப்பதை மட்டும் நம்ப முடியாது என்பதை 1950களில் பெரும் விலை கொடுத்துக் கற்றார்கள். குறைமாதக் குழந்தைகளுக்குத் தொற்று வராமலிருக்க ஒரு சல்ஃபா மருந்தைக் கொடுப்பது அன்று வழக்கம். நியூயார்க்கில் வில்லியம் சில்வர்மன் குழுவினர் அதை வேறொரு மருந்தோடு ஒப்பிட்டு 1956-இல் முடிவை வெளியிட்டபோதுதான், சல்ஃபா பெற்றவர்களில் கூடுதலானோர் இறந்ததும், அவர்களில் பலரின் மூளையில் பிலிரூபின் படிந்திருந்ததும் தெரியவந்தது. இரத்தத்தில் அளவு அதிகம் இல்லாத குழந்தைகளுக்கும் இது நேர்ந்தது. இரத்தத்தின் அல்புமின் புரதம் பிடித்துவைத்திருந்த பிலிரூபினை அந்த மருந்து விடுவித்ததால் அது மூளைக்குள் புகுந்தது என்று பின்னர் விளங்கிற்று. ஒப்பீடு நடக்காமல் இருந்திருந்தால் நல்ல மருந்து என்றே இன்னும் பல குழந்தைகளுக்குக் கொடுத்திருப்பார்கள்.

கீழாநெல்லியும் எனக்கு இதே காரணத்தால் ஏற்புடையதல்ல; பெரியவர்களுக்குக் கொடுத்துப் பழகியது என்பது நான்கு நாள் குழந்தைக்குச் சான்றாகாது. சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2010-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் குளோஃபைப்ரேட், அகர், கரித்தூள் போன்றவற்றைக் காமாலைக்குக் கொடுக்க வேண்டாம் என்கிறது. சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம். குழந்தையின் முதல் கருமலத்தில் பிலிரூபின் நிறைய இருக்கிறது. அது குடலில் தங்கினால் மீண்டும் இரத்தத்தில் சேரும். ஆகவே ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை தாய்ப்பால் கொடுக்க உங்கள் மகளுக்குத் துணையாக இருங்கள். இரண்டு வாரம் கடந்தும் மஞ்சள் நிறம் மாறாவிட்டாலோ, எப்போதாவது மலம் சுண்ணாம்பு போல வெளுத்தாலோ, உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

அன்புடன்.