சுபிக் பேக்கு ஷூ அப்பர்: 'வரி இல்லை' என்றால் யாருக்கு?

கேள்வி: ராணிப்பேட்டையில் தோல் ஷூ அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைத்து ஏற்றுமதி செய்கிறோம். பிலிப்பைன்ஸின் சுபிக் பேயில் இருந்து வந்த ஆர்டரில், "இங்கே வரி கிடையாது, விலையைக் குறையுங்கள்" என்கிறார்கள். குறைக்கலாமா? எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: அந்தக் காரணத்துக்காகக் குறைக்க வேண்டாம். எல்யூடி (வரி கட்டாமல் ஏற்றுமதி செய்ய ஜிஎஸ்டி துறைக்குக் கொடுக்கும் உறுதிக் கடிதம்) கொடுத்து அனுப்பினால் உங்களுக்கு ஜிஎஸ்டி பூஜ்யம்தான், சரக்கு மணிலாவுக்குப் போனாலும் சுபிக்குக்குப் போனாலும். அங்கே மிச்சமாகும் இறக்குமதி வரியின் லாபம் முழுக்க வாங்குபவருக்குத்தான்.

சுபிக் பே அமெரிக்கக் கடற்படைத் தளமாக இருந்த இடம். 1991-ல் பினாட்டுபோ எரிமலை வெடித்து சாம்பல் மூடியது. அதே ஆண்டு செப்டம்பரில் பிலிப்பைன்ஸ் செனட் தள ஒப்பந்தத்தை நிராகரித்தது. 1992 நவம்பரில் அமெரிக்கர்கள் வெளியேறினார்கள். அதே ஆண்டு வந்த 7227-ஆம் எண் சட்டம் அதை ஃப்ரீபோர்ட் (வரியில்லாத் துறைமுக மண்டலம்) ஆக்கியது. சுங்கக் கணக்கில் அந்த வேலிக்குள் இருப்பது தனி நாடு மாதிரி. உள்ளே வரும் சரக்குக்கு வரி இல்லை. வாசலைத் தாண்டி மணிலா சந்தைக்குப் போனால் அது இறக்குமதி, வரி உண்டு.

அதனால் ஆர்டர் எடுக்கும் முன்பே கேளுங்கள்: அப்பர் உள்ளேயே ஷூவாகி வெளிநாடு போகிறதா, அப்படியே பிலிப்பைன்ஸ் சந்தைக்குப் போகிறதா? இரண்டாவது என்றால், சலுகை வரி பெற ஆசியான்-இந்தியா வர்த்தக ஒப்பந்தத்தின் ஃபார்ம் ஏஐ மூலச் சான்று (சரக்கு எந்த நாட்டில் உருவானது என்று காட்டுவது) தேவைப்படும். பொது விதிப்படி குறைந்தது 35% மதிப்பு ஒப்பந்த நாடுகளுக்குள் சேர்ந்திருக்க வேண்டும், மூலப்பொருளின் ஆறிலக்க எச்எஸ் எண்ணும் (சுங்கத்தில் சரக்கை வகைப்படுத்தும் எண்) மாறியிருக்க வேண்டும். தோல் 41-ஆம் அத்தியாயம், அப்பர் 6406.10, எண் மாறிவிடுகிறது. தோலையும் லைனிங்கையும் ஒப்பந்த நாடுகளுக்கு வெளியிலிருந்து வாங்கினால் 35% கணக்கைப் போட்டுப் பாருங்கள். சான்றைக் கப்பல் கிளம்பும்போதே வாங்கிவிடுவது மேல். பின்தேதியில் 12 மாதத்துக்குள் வாங்க வழி இருந்தாலும், சரக்கு வாசலில் நிற்கும்போது அதற்கு அலைவது பெரும்பாடு.

அதிகம் தவறு நடப்பது பில் ஆஃப் லேடிங்கில்தான் (கப்பல் நிறுவனம் தரும் சரக்குச் சீட்டு). கன்சைனி (சரக்கைப் பெறுபவர்) பெயர் ஃப்ரீபோர்ட்டில் பதிவான நிறுவனத்தின் பெயராகவே இருக்க வேண்டும். மணிலா அலுவலகத்தின் பெயரை எழுதினால் சாதாரண இறக்குமதியாகப் பார்க்கப்படும். கப்பல் சேர்ந்தபின் திருத்தப் போனால் கட்டணமும் டெமரேஜும் (சரக்கு தேங்கி நிற்பதற்கான கட்டணம்) ஏறும். வாங்குபவருடைய ஃப்ரீபோர்ட் பதிவு மற்றும் வரிவிலக்குச் சான்றின் நகலை வாங்கி, காலாவதி ஆகவில்லையா என்று பாருங்கள். மணிலாவில் இறக்கினால், இறுதி இடம் சுபிக் என்று பில்லில் தெளிவாக வர வேண்டும். அங்கிருந்து சுங்க ஜாமீனின் பேரில்தான் நகரும். சிங்கப்பூரிலோ போர்ட் கிளாங்கிலோ கப்பல் மாறினால் சென்னையிலிருந்தே த்ரூ பில் (கடைசி இடம்வரை ஒரே பில்) கேளுங்கள். ஃபார்ம் ஏஐக்கு அது முக்கியம்.

நம் பக்கம்: எல்யூடி ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதிது. இன்வாய்ஸ் தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் சரக்கு நாட்டைவிட்டுப் போகாவிட்டால் வரியும் 18% வட்டியும் கட்ட நேரும். வாங்குபவர் புதியவர் என்றால் இசிஜிசி காப்பு (பணம் வராவிட்டால் ஈடு தரும் ஏற்றுமதிக் கடன் காப்பீடு) எடுங்கள். வரிவிலக்குச் சான்று பணத்துக்கு உத்தரவாதம் ஆகாது.

ஐப்பசி, கார்த்திகையில் அட்டைப்பெட்டி கட்டும்போது தோல் ஈரத்தை இழுத்திருக்கும். வழியில் கண்டெய்னர் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல், கண்டெய்னர் சுவரில் ஈரம் உறிஞ்சும் பைகள் இரண்டும் வேண்டும். மரப் பேலட்டில் ஐஎஸ்பிஎம்-15 முத்திரை (மரத்தில் பூச்சி ஒழிக்கப்பட்டதற்கான அடையாளம்) இருக்கிறதா என்று ஏற்றும் முன் பாருங்கள். காயாத பச்சை மரப் பேலட் வேண்டவே வேண்டாம். அந்த ஈரம் நேராக அப்பருக்குத்தான் போகும்.