கேளுங்க, சைட்ல இருந்து பதில் வரும்

கேள்வி: அண்ணா, நான் டர்பன் சாட்ஸ்வர்த்ல இருக்கேன், வயசு 28. படிப்பு மெட்ரிக் (12-ம் வகுப்பு) தான். ஆறு வருஷமா ஒரு பில்டர்கிட்ட ஃபோர்மேனா இருக்கேன். அஞ்சு நாள்ல ப்ராஜெக்ட் மேனேஜர் ஆகலாம்னு போன்ல விளம்பரம் வந்துக்கிட்டே இருக்கு, ஃபீஸுக்கு அம்மாகிட்ட தான் வாங்கணும். சேரலாமா?

பதில்: தம்பி, அம்மா காசு அம்மாகிட்டயே இருக்கட்டும் கொஞ்ச நாள். அஞ்சு நாள் கோர்ஸ் தப்புன்னு சொல்லல, சிலது நல்லாவே இருக்கும், ஆனா அத முடிச்சதும் நீ ப்ராஜெக்ட் மேனேஜர் இல்ல. நம்ம தென்னாப்பிரிக்காவுல அதுக்குன்னு சட்டமே இருக்கு, 2000-ம் வருஷத்து 48-ம் நம்பர் சட்டம், அதுல வந்த கவுன்சில் தான் எஸ்.ஏ.சி.பி.சி.எம்.பி. (பேரை சொல்லி முடிக்கறதுக்குள்ள ஒரு பக்கெட் கலவை கலந்துடலாம்). அங்க பதிவு பண்ணினவங்க தான் ப்ரொஃபஷனல்னு போட்டுக்க முடியும். சாதாரணமா காலேஜ் படிப்பு முடிச்சு, கேண்டிடேட்டா சேர்ந்து, ஒரு பெரியவர் கீழ வேலை பார்த்து மேல போகணும். டர்பன் யூனிவர்சிட்டி ஆஃப் டெக்னாலஜில கன்ஸ்ட்ரக்‌ஷன் மேனேஜ்மென்ட் இருக்கு, விசாரி. உன்ன மாதிரி சைட்லயே வளர்ந்தவங்களுக்கு ஆர்.பி.எல்.னு ஒரு வழியும் உண்டு, அனுபவத்தையே படிப்பு மாதிரி கணக்குல எடுத்துக்கறது, ஆனா செஞ்ச வேலைக்கு எல்லாம் ஆதாரம் கேப்பாங்க. அதனால இன்னிக்கே ஒரு டைரி வாங்கு, தேதி போட்டு எழுது, போட்டோ எடு, நீ நடத்தின மீட்டிங் மினிட்ஸ ஒரு காப்பி வச்சுக்கோ. இதுக்கு ஃபீஸ் கிடையாது.

பி.எம்.பி. பத்தியும் யாராவது சொல்லுவாங்க. அது ப்ராஜெக்ட் மேனேஜ்மென்டுக்கான அமெரிக்க சர்டிஃபிகேட், 35 மணி நேர வகுப்பும் பல வருஷ அனுபவமும் கேக்கும். சாஃப்ட்வேர்காரங்களுக்கும் அதே தான், நமக்கும் அதே தான், கான்கிரீட் எப்ப இறுகும்னு அதுல வராது.

அப்ப எத கத்துக்கணும்னு கேப்ப. என் கதைய கேளு. டர்பனுக்கு வடக்க மூணு மாடி ஃப்ளாட் கட்டினோம், ஆபீஸ் சுவத்துல கலர் கலரா பார் சார்ட் ஒட்டி வச்சிருந்தோம், வர்றவங்க எல்லாம் நின்னு பார்த்துட்டு போவாங்க. அதுல ஜன்னல் மாட்டுற நாள் இருந்துச்சு, ஜன்னல் ஆர்டர் பண்ற நாள் இல்ல. அலுமினிய ஃப்ரேமுக்கு ஆறு வாரம் ஆகும்னு ஃபேக்டரில சொன்னப்ப எங்களுக்கு வேர்த்துடுச்சு, அதுக்கு நடுவுல டிசம்பர் பில்டர்ஸ் ஹாலிடே வேற, ஃபேக்டரியும் மூடியாச்சு சைட்டும் மூடியாச்சு, ஜனவரில திரும்பி வந்தா நம்ம ஊர் கோடை மழை, ஜன்னல் இல்லாத ஓட்டை வழியா தண்ணி உள்ள வந்து புதுசா பூசின சுவரெல்லாம் போச்சு, சீலிங்காரர், பெயிண்டர், டைல்ஸ்காரர் மூணு பேரும் ஆளாளுக்கு எனக்கு போன் பண்ணி திட்டினாங்க. அதே சைட்ல வெளி பேவிங் ரெண்டு வாரம் லேட், ஆனா அது யாரையும் நிறுத்தல. எது லேட்டானா மொத்தமும் லேட், எது லேட்டானாலும் பரவாயில்ல, இந்த வித்தியாசத்த தான் கிரிட்டிக்கல் பாத்னு வகுப்புல சொல்றாங்க. இத உன் கையால பேப்பர்ல போட வைக்கிற கோர்ஸா பாத்து சேரு, ஸ்லைடு மட்டும் ஓட்டுற இடமா இருந்தா எழுந்து வந்துடு.

அடுத்தது கான்ட்ராக்ட். ஃபிடிக், என்.இ.சி.ன்னு கட்டட வேலைக்கு ரெடிமேட் கான்ட்ராக்ட் படிவங்க இருக்கு. ஃபிடிக் 1999 கான்ட்ராக்ட்னா தாமதத்துக்கு காரணம் தெரிஞ்ச 28 நாளுக்குள்ள நோட்டீஸ் போகணும், என்.இ.சி.ல எட்டு வாரம். விட்டா கூடுதல் நாளும் போச்சு, காசும் போச்சு. மழை பேஞ்சத முதல்ல பாக்குறது ஃபோர்மேன் நீ தான், நீ எழுதலன்னா ஆபீஸ்ல யார் எழுதுவா?

சேஃப்டி இல்லாத கோர்ஸ் பக்கமே போகாத. 2013 நவம்பர் 19, டர்பனுக்கு வடக்க டோங்காட்ல கட்டிக்கிட்டிருந்த மால் விழுந்து ரெண்டு உயிர் போச்சு, 29 பேருக்கு அடி. கம்பி குறைச்சல், கான்கிரீட் பலம் பத்தலன்னு விசாரணைல வந்துச்சு. 2024 மே 6 ஜார்ஜ் ஊர்ல கட்டிக்கிட்டிருந்த கட்டடம் விழுந்ததுல 34 பேர் செத்தாங்க. பெரிய சைட்ல கன்ஸ்ட்ரக்‌ஷன் மேனேஜரா உன்ன போட்டா எழுத்துல தான் போடணும், 2014-ல வந்த கட்டட வேலை ரெகுலேஷன் அப்படி. கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி அதுல என்னென்ன பொறுப்பு உன் தலைல வருதுன்னு படி.

கேள்வி: டோங்காட்ல இருந்து எழுதுறேன். வீட்டுக்காரர் நாலு ஆளும் ஒரு பக்கியும் (பிக்கப் வண்டி) வச்சு ரெனோவேஷன் பண்றார். வேலைக்கு குறைவில்ல, கைல காசு தான் நிக்கல. இந்த மாதிரி ட்ரெய்னிங்லாம் பெரிய கம்பெனிக்கு தானேன்னு சொல்றார்.

பதில்: அக்கா, கைல காசு நிக்கலன்னு நீங்க எழுதினதுலயே பதில் இருக்கு. இந்த மாசத்துக்குள்ள 4 லட்சம் ராண்ட் வேலை முடிஞ்சிருக்கணும்னு ப்ளான், முடிஞ்சது 3 லட்சத்துக்கு, செலவு ஆனது 3 லட்சத்து 50 ஆயிரம்னு வைங்க. பேங்க்ல பணம் இருக்கறதால நல்லா போகுதுன்னு தோணும், உண்மைல வேலைல கால் பங்கு பின்னாடி, முடிச்ச வேலைல 50 ஆயிரம் நஷ்டம். பேங்க்ல இருக்கறது அடுத்த வேலைக்கு வாங்கின அட்வான்ஸ். அண்ணாகிட்ட ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சம்பளம் கொடுத்த கையோட இந்த மூணு நம்பர எழுத சொல்லுங்க, வேணும்னா நீங்களே எழுதுங்க. சர்க்கார் டெண்டர் எடுக்க ஆசைன்னா கட்டட கான்ட்ராக்டர்களை பதிவு பண்ற சர்க்கார் போர்டு சி.ஐ.டி.பி.யோட கிரேடு வேணும், 1-ல இருந்து 9 வரைக்கும் இருக்கு, 1-ல ஆரம்பிக்கலாம்.

கேள்வி: வேலை ப்ளான் போடுற சாஃப்ட்வேர்ல எத கத்துக்கலாம், எம்.எஸ். ப்ராஜெக்டா ப்ரைமவேராவா?

பதில்: உங்க கம்பெனில எது இருக்கோ அது. கம்பெனியே இல்லன்னா எக்செல், பென்சில், நல்ல ரப்பர்.