வீட்டுக் கணக்கு: தலைப்பும் உட்தலைப்பும் – கேள்வி பதில்

நான் கணக்கு எழுதுவது க்னூகேஷ் (GnuCash) என்ற கணக்கு மென்பொருளில். வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களும் கேட்கலாம். பட்டன் மாறும், கணக்கு மாறாது.

சார், மளிகைக்குள் அரிசி, பருப்பு, எண்ணெய், மசாலா என்று பிரித்திருக்கிறேன். போதுமா?

அதிகம். ஒவ்வொரு பில்லையும் பத்து வரியாக உடைத்துப் பதியும் பொறுமை இரண்டாவது மாதமே போய்விடும். மளிகையோடு நிறுத்துங்கள். உட்தலைப்பு ஒன்று வைக்கும் முன், இந்தத் தொகை ஏறினால் எதையாவது மாற்றிக்கொள்வேனா என்று யோசியுங்கள். எண்ணெய் விலை ஏறியதென்று யாரும் தாளிக்காமல் விடுவதில்லை. ஹோட்டல் சாப்பாடு அப்படியல்ல, குறைக்க முடியும்; அதற்குத் தனித் தலைப்பு வையுங்கள். 'உணவு' என்ற மேல் தலைப்பில் 'ப்ளேஸ்ஹோல்டர்' டிக் போட்டுவிட்டால் யாரும் நேராக அதில் பதிய முடியாது. மளிகையா, ஹோட்டலா என்று தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்.

கிரெடிட் கார்டு பில் கட்டுவது எந்தச் செலவில் வரும்?

எதிலும் வராது. 500 ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டுக் கார்டைத் தேய்த்த அன்றே செலவு பதிவாகிவிட வேண்டும். எதிர்ப்பக்கம் கார்டு என்ற கடன் கணக்கு ஏறும். பில் கட்டும்போது வங்கி இருப்பும் கடனும் குறையும், அவ்வளவுதான். அதையும் செலவில் எழுதினால் 500 ரூபாய் பெட்ரோல் ஆயிரம் ஆகிவிடும்.

வீட்டுக் கடன் இஎம்ஐயை 'வீடு' தலைப்பில் முழுதாகப் போடலாமா?

வட்டி மட்டும் செலவு, அசல் கடனைக் குறைக்கிறது. ஒரே பதிவில் ஸ்ப்ளிட் செய்யுங்கள், அதாவது வட்டி ஒரு வரி, அசல் ஒரு வரி. பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு வருமான வரிக் கணக்கில் இரண்டும் தனித்தனியே தேவைப்படும். கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன்: கார்டு பில் செலவல்ல.

அண்ணே, நான் பேராவூரணி. மொய்யை எதில் எழுத?

இதற்காகவே உட்காரலாம்! சென்னையில் ஆபீஸ் நண்பர் கல்யாணத்தில் 1,001 ரூபாய் வைத்துவிட்டு வந்தால் 'விசேஷம்' தலைப்பில் எழுதி மறந்துவிடலாம். உங்கள் பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்தே நடக்கிறது. பெயர், ஊர், தொகை எல்லாம் நோட்டில் ஏறும். வாங்கியவர் திருப்பிச் செய்தாக வேண்டும். அது செலவில்லை, கொடுக்கல் வாங்கல்.

ஆகவே கடன் பக்கம் 'மொய் வாங்கியது', சொத்துப் பக்கம் 'மொய் வரவேண்டியது' என்று இரண்டு கணக்கு திறங்கள். உங்கள் விருந்தில் 2,000 செய்தவருக்கு இப்போது நீங்கள் 5,000 செய்கிறீர்களா? 2,000 பழைய கடனைக் கழிக்கும், மீதி 3,000 வரவேண்டியதில் ஏறும். செலவு பூஜ்யம். ஆளுக்கொரு உட்கணக்கு மட்டும் திறந்துவிடாதீர்கள். விவரத்தில் பெயரையும் ஊரையும் எழுதினால் தேடி எடுத்துக்கொள்ளலாம்.

(மதுரையிலிருந்து) தப்பு சார். மொய் அன்பளிப்பு. திரும்ப வராவிட்டால் அது என்ன சொத்து?

கைமாற்றுக் கொடுத்த பணமும்தான் சில நேரம் திரும்பாது. வராது என்று தெரிந்த அன்று அந்தத் தொகையைச் செலவுக்கு மாற்றிவிடுங்கள். உங்கள் ஊர் வழக்கத்தில் அது அன்பளிப்பு என்றால் செலவிலேயே எழுதுங்கள், தடுக்கவில்லை. பேராவூரணிக்காரரிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள், நோட்டை எடுத்துக்கொண்டு வருவார்.

(கோவை) இருபது வருஷம் கழித்து வரும் 500 ரூபாய்க்கு என்ன மதிப்பு? மதுரைக்காரர் சொல்வதே சரி.

மதிப்பு தேயும், உண்மைதான். வட்டியில்லாமல் கொடுத்த எந்தக் கடனும் அப்படித்தான். அதற்காக அதைச் செலவு என்று சொல்ல மாட்டேன்.

மொய்ப் பணத்துக்கு வரி உண்டா?

ஆடிட்டரைக் கேளுங்கள்.

(மீண்டும் மதுரை) அப்படியென்றால் தங்கைக்குச் செய்த சீரும் சொத்தா?

செலவு. 'வரவேண்டியது' என்று எழுதி வைத்திருப்பதைத் தங்கை பார்த்தால் என்னிடம் வராதீர்கள்.

எத்தனை தலைப்பு வைக்கலாம் சார்?

முதல் பதில்.

கார்டு பில்லை எங்கே...

மேலே இரண்டு முறை சொல்லியாயிற்று.

'டீ', 'காபி', 'ஸ்நாக்ஸ்' மூன்றையும் ஒன்றாக்க வேண்டும். பழைய பதிவுகள் போய்விடுமா?

போகாது. பதிவுள்ள கணக்கை நீக்கப் போனால், அந்தப் பதிவுகளை வேறு கணக்குக்கு மாற்றவா என்று க்னூகேஷே கேட்கும். 'ஹோட்டல்' கணக்கைக் காட்டுங்கள். அதற்கு முன் கோப்பை ஒரு நகல் எடுத்து வையுங்கள்.