மே மாதம் வருகிறீர்களா? ஜக்கெட்டைப் பெட்டியின் மேலே வையுங்கள்

தம்பி, மே 20 அளவில் வவுனியாவிலிருந்து மனைவி, இரண்டு பிள்ளைகளோடு கனடாவுக்கு, ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். வீடு கிங்ஸ்டன் வீதிக்குத் தெற்கே, ஒன்ராறியோ ஏரிப் பக்கம். வழமையைவிட வெப்பமான வசந்தம் என்று மூன்று மாத முன்னறிவிப்பு சொல்வதால் குளிர் உடுப்பு தேவையா என்று கேட்கிறீர்கள். கூடவே வங்கிக் கணக்கு, பள்ளிக்கூடம், லைசென்ஸ். அந்த மூன்றையும் சொல்லித்தர இங்கே ஆயிரம் பேர் இருக்கிறார்கள், வந்த முதல் கிழமையிலேயே எல்லாம் தெரிந்துவிடும். ஏரியைப் பற்றித்தான் யாரும் சொல்வதில்லை. எனக்கும் சொல்லவில்லை.

நான் வந்தது 1991 மே மாதம். "விண்டர் முடிஞ்சுது, ஒண்டும் கொண்டு வராதை" என்று மச்சான் தொலைபேசியில் சொன்னார். அதை நம்பி நாலு அரைக்கைச் சட்டையோடு வந்து இறங்கினேன். விமான நிலையத்துக்கு வெளியே நல்ல வெயில். மூன்றாம் நாள் காலை, ஏரிக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். வானொலியில் 19 பாகை என்றார்கள். பஸ் தரிப்பில் நாற்பது நிமிடம் நின்றேன். கிழக்கிலிருந்து காற்று. போய்ச் சேர்ந்தபோது விரல் மடங்கவில்லை, விண்ணப்பத்தில் என் பெயரை எழுத முடியவில்லை. மேசையில் இருந்த கயானாக்காரப் பெண் ஒன்றும் பேசாமல் எழுந்துபோய், கடதாசிக் கோப்பையில் சுடுதண்ணீர் கொண்டுவந்து என் இரண்டு கைக்குள்ளும் வைத்தார். பிறகுதான் எழுதினேன். அந்த வேலை கிடைத்தது, பதினொரு வருடம் அங்கே நின்றேன்.

வானொலி பொய் சொல்லவில்லை. அது பியர்சன் விமான நிலையத்துக் கணக்கு, ஏரியிலிருந்து பத்துக் கிலோமீற்றருக்கு மேல் உள்ளே. மே மாதத்தில் அங்கே பகல் உச்சம் சராசரியாக 19 பாகை அளவில் இருக்கும், இரவில் ஏழு எட்டுக்கு இறங்கும். ஏரிக்கரை வேறு நாடு. ஒன்ராறியோ ஏரியின் ஆகக் கூடிய ஆழம் 244 மீற்றர், சராசரியே 86 மீற்றர். அவ்வளவு தண்ணீரும் குளிர்காலக் குளிரைப் பிடித்து வைத்துக்கொண்டு, சூடேற ஜூலை ஆகும். வெயில் எறித்ததும் தரை சூடாகிக் காற்று மேலே எழும்ப, அந்த இடத்தை நிரப்ப ஏரியின் குளிர்காற்று உள்ளே வரும். காலை பதினொரு மணிக்கு முற்றத்தில் நின்றால் காற்று திரும்புவது கன்னத்தில் தெரியும். வடக்கே, ஏரியை விட்டுத் தள்ளியிருக்கும் மார்க்கம் நகரில் 24 பாகை நிற்கும்போது உங்கள் வாசலில் 13 ஆக இருக்கலாம். கனடா சுற்றாடல் திணைக்களத்தின் முன்னறிவிப்பை வாசிக்கும்போது, "ஏரியோரம் 14" என்று கடைசியில் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். உங்களுக்கு உரிய எண் அதுதான்.

மூன்று மாத முன்னறிவிப்பு என்பது மூன்று மாதத்தையும் சேர்த்துச் சராசரி எடுத்து, வழமையைவிடக் கூடுமா குறையுமா என்று சாத்தியம் சொல்வது. எந்த நாள் குளிரும் என்று அது சொல்லாது. 2020 இல் அன்னையர் தினத்து வாரயிறுதியில் இங்கே பனித்துகள் பறந்தது. மே மாதம், தம்பி.

இனித் தண்ணீர். இதைக் கட்டாயம் வாசியுங்கள். நான் பருத்தித்துறையான். நடக்கத் தொடங்கிய காலத்திலேயே கடலுக்குள் நின்றவன், என் தம்பியும் அப்படித்தான். 1994 ஜூன் தொடக்கத்தில் ஏரிக்கரையில் இருக்கும் ப்ளஃபர்ஸ் பார்க்குக்குப் போனோம். வெளியே 27 பாகை, மணல் சுட்டது. அவன் சட்டையைக் கழற்றிப்போட்டு ஓடிப்போய்ப் பாய்ந்தான். தலை வெளியே வந்தது, வாய் திறந்தபடி, சத்தம் இல்லை. மூச்சை உள்ளே இழுக்கிறான், விடத் தெரியவில்லை. கழுத்தளவு ஆழம்கூட இல்லை. இரண்டு பேராக இழுத்து வந்தோம். உதடு நாவல்பழ நிறம்.

குளிர்நீரைப் பற்றி இந்த நாட்டில் ஒரு கணக்குச் சொல்லித்தருவார்கள்: ஒன்று, பத்து, ஒன்று. மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம், கை கால் சொல்வழி கேட்பது பத்து நிமிடம்தான், நினைவு தப்ப ஒரு மணித்தியாலம். நம் ஊர்க் கடல் 28 பாகை. இங்கே மே மாதத்தில் தண்ணீர் பத்துப் பாகைக்கும் கீழே. நீச்சல் தெரிந்தவனுக்கும் அந்த முதல் நிமிடம் இருக்கிறது. ஜூலை ஓகஸ்டிலும் மேற்குக் காற்று பலமாக அடித்தால் மேல்தண்ணீர் விலகி அடித்தண்ணீர் வடகரைக்கு ஏறும், நேற்றுக் குளித்த இடத்தில் இன்று கால் வைக்க ஏலாது. பிள்ளைகள் கரையில் கல் பொறுக்கி விளையாடட்டும், அது போதும். ப்ளஃப்ஸ் மண்மேட்டின் விளிம்புக்கும் விடாதீர்கள், வசந்த மழையில் அது சரிந்து விழும்.

2022 மே 21, விக்ரோறியா தின நீண்ட வாரயிறுதிச் சனிக்கிழமை, வின்சரிலிருந்து கியூபெக் வரை ஒரு புயல் போனது. பியர்சனில் மணிக்கு 120 கிலோமீற்றர் காற்று. எங்கள் தெருவில் மேப்பிள் மரம் ஒன்று இரண்டு கார்மேல் விழுந்தது, மூன்று நாள் மின்சாரம் இல்லை. புயல் எச்சரிக்கை வந்து கைத்தொலைபேசி அலறினால் அணைத்துவிட்டு இருக்காதீர்கள், வீட்டுக்குள் போங்கள். ரூஜ் பள்ளத்தாக்கில் நடந்தால் வீட்டுக்கு வந்து பிள்ளைகளின் காலில் உண்ணி பாருங்கள். அது கடித்து லைம் நோய் வருகிறது.

இங்கே முப்பது வருடம் இருந்தும் குளிரைத் திட்டிக்கொண்டே இருக்கும் ஆட்கள் உண்டு. ஏரி பதினைந்து நிமிடத்தில் இருக்க, ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை. அவர்கள்தான் ஊருக்குத் தொலைபேசி எடுத்து "இப்ப நல்ல வெக்கை" என்கிறார்கள், எனக்கு அதில் கோபம் உண்டு. இரண்டு கிழமை காற்றைக் கவனித்தால் இந்த இடம் பிடிபட்டுவிடும். என் கறிவேப்பிலைச் செடிக்குப் பத்தொன்பது வயது. விக்ரோறியா தினம் கழியாமல் அதை வெளியே வைக்க மாட்டேன். ஒரு வருடம் அவசரப்பட்டு மே 10 அன்று வைத்தேன், ஓர் இரவுதான், காலையில் கொழுந்தெல்லாம் கறுத்துச் சுருண்டு கிடந்தது. மனைவி இரண்டு நாள் கதைக்கவில்லை. அடியில் ஒரு கணு உயிரோடு இருந்தது, அதிலிருந்து வந்ததுதான் இப்போது நிற்கிற மரம்.

ஆகவே ஆளுக்கு ஒரு காற்றுத்தாங்கி ஜக்கெட், காதை மூடும் தொப்பி, பிள்ளைகளுக்கு மூடிய சப்பாத்து. பெட்டிக்கு அடியில் வைக்காதீர்கள். தடித்த பனிக்கால உடுப்பை அங்கே வாங்க வேண்டாம், ஒக்ரோபரில் இங்கே பார்க்கலாம். பிள்ளைகளின் வயதை எழுதுங்கள். என் பேரப்பிள்ளைகள் விட்ட ஜக்கெட்டுகள் நாலைந்து இருக்கின்றன, அளவு சரிவந்தால் விமான நிலையத்துக்கே கொண்டுவருகிறேன்.