துபாய் சேமிப்பும் ஷரியா பாகப்பிரிவினையும்

வணக்கம் சார். "நான் துபாயில் இறந்துவிட்டால் ஷரியா (இஸ்லாமியச் சட்ட) முறைப்படி மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்குதானா? நாங்கள் இந்துக்கள்" என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் ரூம்மேட் அப்படித்தான் என்று சொன்னது பழைய கதை.

அமீரகச் சட்டம் ஒரே வார்ப்பு இல்லை. ஒப்பந்தம், கடன், வாடகை எல்லாம் எழுதப்பட்ட சட்டத் தொகுப்புப்படி நடக்கும். சிவில் சட்டத்தில் எகிப்து வழியாக வந்த பிரெஞ்சு சட்டத்தின் சாயல் நிறைய உண்டு. முஸ்லிம்களின் திருமணமும் வாரிசுரிமையும் ஷரியாவைத் தழுவியவை.

முஸ்லிம் அல்லாதவர்களுக்கென்று 2022-இல் தனிச் சட்டம் (எண் 41) வந்தது; 2023 பிப்ரவரி 1 முதல் அமல். உயில் இல்லாவிட்டால் பாதி மனைவிக்கு. மீதிப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக, ஆண் பெண் பேதமே கிடையாது. இந்தியச் சட்டப்படி பிரிக்கச் சொல்லியும் வாரிசுகள் கேட்கலாம்.

ஆனால் உங்கள் தனிக் கணக்கை வங்கி முடக்கத்தான் செய்யும். கோர்ட் உத்தரவு வராமல் பணம் நகராது. அதற்கு தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், அட்டெஸ்டேஷன் (அதிகாரிகளின் சான்றொப்பம்), பிறகு அரபி மொழிபெயர்ப்பு என்று வீட்டம்மா அலைய வேண்டியிருக்கும். துக்க வீட்டில் இது பெரிய பாடு.

ஆகவே உயில் எழுதிப் பதிவு செய்துவிடுங்கள். துபாய் கோர்ட், அபுதாபி நீதித்துறை, டிஐஎஃப்சி (துபாய் சர்வதேச நிதி மையம்) மூன்றிலும் முடியும். டிஐஎஃப்சியில் ஆங்கிலத்திலேயே எழுதலாம், செலவுதான் கொஞ்சம் கடிக்கும். பிள்ளைகள் மைனர் என்றால் கார்டியன் யாரென்பதையும் அதிலேயே எழுதுங்கள். பணத்தைவிட அதுதான் அவசரம். பிள்ளைகளுக்கு என்ன வயது?